இரு நூல்களில் ஒரு பல்கலைக்கழகம்

1908 டிசம்பர் 21-ஆம் நாள் கெய்ரோவில் ‘அல்-ஜாமிஆ அல்-மிஸ்ரிய்யா’ என்னும் எகிப்தியப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அன்று அது தனியார் கொடையில் நடந்த சிறு நிறுவனம். 1925-இல் அரசுப் பல்கலைக்கழகமாயிற்று. பின்னர் மன்னர் ஃபுஆதின் பெயரைத் தாங்கி நின்று, 1952 புரட்சிக்குப் பின் கெய்ரோ பல்கலைக்கழகம் எனும் இன்றைய பெயரைப் பெற்றது. நைலின் மேற்குக் கரையில், கீஸாவில் அதன் குவிமாடம் எழுந்து நிற்கிறது. நவீன அரபி இலக்கியத்தில் அந்தக் குவிமாடத்தின் நிழல் படாத பகுதி குறைவு.

அந்நிழலில் பிறந்த இரு நூல்களை இங்கு அருகருகே வைத்துப் பார்க்க விழைகிறோம். ஒன்று, தாஹா ஹுஸைனின் தன்வரலாறாகிய ‘அல்-அய்யாம்’ நூலின் மூன்றாம் பகுதி. மற்றொன்று, நஜீப் மஹ்ஃபூழின் ‘அல்-காஹிரா அல்-ஜதீதா’ எனும் நாவல். நம் அரபிக் கல்லூரிகளில் ‘அல்-அய்யாம்’ என்றால் முதற்பகுதியே நினைவுக்கு வரும். அதன் எளிய உரைநடைக்காக அதைப் பாடமாக ஓதியவர்கள் நம்மிடையே பலர். மூன்றாம் பகுதியைத் திறந்தவர்கள் சிலரே. மஹ்ஃபூழையோ, 1988-இல் பெற்ற நோபல் பரிசையும் ‘அவ்லாத் ஹாரத்தினா’ எழுப்பிய சர்ச்சையையும் கொண்டே நாம் அறிந்திருக்கிறோம்.

இவ்விருவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவரும் இப்பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். இருவரும் அதிலேயே பணியாற்றியவர்கள். தாஹா ஹுஸைன் 1908-இல் மாணவராகச் சேர்ந்து, 1914-இல் அது வழங்கிய முதல் முனைவர் பட்டத்தைப் பெற்று, 1919-இல் பேராசிரியராகி, 1930-இல் கலைப்புலத் தலைவரானார். மஹ்ஃபூழ் 1934-இல் தத்துவத்தில் பட்டம் பெற்று, 1939-இல் வக்ஃப் அமைச்சகத்துக்கு மாறும் வரை அதன் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். ஒருவர் அமர்ந்தது பேராசிரியரின் இருக்கை; மற்றவர் அமர்ந்தது எழுத்தரின் மேசை. இரு நூல்களின் பார்வை வேறுபாட்டுக்கு இதுவே திறவுகோல் என்பது நம் கருத்து.

சபையை நோக்கிய ஸலாம்

‘அல்-அய்யாம்’ மூன்றாம் பகுதியில் நம்மைப் போன்றோர் நின்று வாசிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. பார்வையிழந்த அஸ்ஹர் மாணவர் முதன்முதலாகப் பல்கலைக்கழக விரிவுரைக்குச் செல்கிறார். விரிவுரையாளர் அஹ்மத் ஸகீ, எதிரே அமர்ந்திருப்போரை நோக்கி ஸலாம் கூறிப் பேச்சைத் தொடங்குகிறார். இதில் வியப்பு என்ன? அஸ்ஹரின் ஷைகுமார்கள் ஹம்தும் ஸலவாத்தும் ஓதி, நூலாசிரியரின் கூற்றைச் சொல்லி, அதன் விளக்கத்துக்குள் இறங்குவார்கள். இங்கோ, ஆசிரியரின் முதற்சொல் மாணவனை நோக்கி வந்தது. தானும் ஒரு முன்னிலை என்பதை அந்த இளைஞர் உணர்ந்த கணம் அது. கற்பித்தல் முறை பற்றிய எத்தனையோ பக்கங்கள் சொல்ல முடியாததை இச்சிறு செய்தி சொல்லிவிடுகிறது.

நல்லினோ, லிட்மன், ஸாண்டில்லானா முதலிய கீழைத்தேயவியல் அறிஞர்கள் அரபி மொழியிலேயே விரிவுரையாற்றியதும், இலக்கியத்தைக் காலத்தோடும் சமூகத்தோடும் இணைத்துக் காட்டியதும் அவரை ஈர்த்தன. அதைச் சொல்லும் நடையில் நன்றியும் துள்ளலும் இருக்கின்றன. ஆயின் அஸ்ஹரைப் பற்றிப் பேசுகையில் அதே நடை கூர்மையாகிக் கிழிக்கிறது. 1912-இல் ஆலிமிய்யா தேர்வில் தோல்வியுறச் செய்யப்பட்டவரின் கசப்பு அது. கசப்புக்குக் காரணமும் இருந்தது. எனினும் திறனாய்வாளன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: நல்லினோவின் விரிவுரையை உள்வாங்கும் செவியைப் பண்படுத்தியது யார்? அஸ்ஹரில் ‘ஹமாஸா’வையும் முபர்ரதின் ‘காமில்’ நூலையும் நடத்திய ஷைக் ஸய்யித் அல்-மர்ஸஃபீ அல்லவா? இரண்டாம் பகுதியில் அந்த ஆசிரியருக்கு அன்போடு இடமளித்தவர், மூன்றாம் பகுதியில் இரு நிறுவனங்களையும் இருளும் ஒளியுமாக எதிரெதிரே நிறுத்திவிடுகிறார்.

இந்த எதிர்நிலையை அவரது நூலே மறுக்கிறது என்பதுதான் சுவை. அபுல் அலா அல்-மஅர்ரீ பற்றிய அவரது ஆய்வு வெளிவந்ததும், இறைமறுப்பாளரை உருவாக்கிய பல்கலைக்கழகத்தின் மானியத்தை நிறுத்த வேண்டுமென ஓர் உறுப்பினர் சட்டமன்றத்தில் முன்மொழிய முற்பட்டார். அவரை அழைத்த ஸஅத் ஸக்லூல், நீங்கள் வற்புறுத்தினால் அஸ்ஹரின் மானியத்தையும் நிறுத்துமாறு இன்னொருவர் கேட்பார், ஏனெனில் இவர் முதலில் ஓதியது அங்கேதான் என்னும் கருத்துப்படக் கூறவே, முன்மொழிவு கைவிடப்பட்டது. ஸக்லூலின் சாதுரியத்தைக் காட்டவே தாஹா ஹுஸைன் இதை எழுதினார். நமக்கோ இது ஒரு சான்றாகப் படுகிறது: அவரை உருவாக்கியவை இரண்டு நிறுவனங்கள், ஒன்றின் கணக்கில் மட்டும் அவரை எழுதிவிட முடியாது.

இன்னொரு குறையும் உண்டு. தம் வாழ்வின் பெரும் போராட்டங்களுக்கு முன்பே நூல் நின்றுவிடுகிறது. 1926-இல் ‘ஃபிஷ் ஷிஃரில் ஜாஹிலீ’ எழுப்பிய புயலையோ, அரசியல்வாதிகள் சிலருக்கு மதிப்புறு பட்டம் வழங்க இணங்காமையால் 1932-இல் புலத்தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டதையோ, அதைக் கண்டித்து லுத்ஃபீ அஸ்-ஸய்யித் பல்கலைக்கழகத் தலைமைப் பொறுப்பைத் துறந்ததையோ இந்நூலில் காண முடியாது. அதாவது, பல்கலைக்கழகம் அரசுடைமையானபோது அது எதை இழக்கும் அபாயத்துக்கு உள்ளாயிற்று என்பதை, அதை நேரில் பட்டறிந்தவர் இங்கு எழுதவில்லை.

பசியின் பாடம்

அந்த வெற்றிடத்தை 1945-இல் வெளியான மஹ்ஃபூழின் நாவல் ஒருவகையில் நிரப்புகிறது. கதை நிகழ்வது 1930களின் தொடக்கத்தில். பட்டத் தேர்வுக்குச் சில மாதங்களே இருக்கும் நிலையில் மஹ்ஜூப் அப்துத் தாயிமின் தந்தை நோயில் விழுகிறார். ஊரிலிருந்து வரும் மாதப் பணம் சுருங்குகிறது. மலிவான அறைக்கு மாறி, அரைவயிற்றோடு படித்துப் பட்டம் பெறுகிறான். பட்டத்தோடு வெளியே வந்தவனுக்கு ஓர் உண்மை புலனாகிறது: பணியிடம் கேட்பது தகுதியை அன்று, பரிந்துரையை, அல்லது விலையை. உயர் அதிகாரி ஒருவரின் ஆசைநாயகிக்குப் பெயரளவில் கணவனாக இசைந்து அரசுப் பணியைப் பெறுகிறான். இறுதியில் அம்பலப்பட்டு வீழ்கிறான்.

தாஹா ஹுஸைனின் பல்கலைக்கழகத்தில் கேட்பது விரிவுரை. மஹ்ஃபூழின் பல்கலைக்கழகத்தில் கேட்பது வயிற்றின் இரைச்சல். எழுத்தர் மேசையில் அமர்ந்தவருக்கு, பட்டதாரிகள் வேலைக்கு அலைவதன் பொருள் தெரிந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

எனினும் நாவலிலும் ஒரு பலவீனம் இருக்கிறது. மஹ்ஜூபின் தோழர்களுள் ஒருவன் மஃமூன் ரிழ்வான். மார்க்கப்பற்றும் கல்வித்திறனும் உடையவன். அவனை மஹ்ஃபூழ் கேலி செய்யவில்லை, மதிப்போடுதான் வரைந்திருக்கிறார். ஆயினும் அவனை அவர் சோதிக்கவில்லை. மேற்படிப்புக்காக அவன் பிரான்சு செல்கிறான். கதையின் நெருப்பு அவனைத் தீண்டுவதில்லை. வறுமை முழுவதும் கொள்கையற்றவன் தலையில் விழுகிறது. கொள்கையுள்ளவன் பசியறியாமல் தப்பிவிடுகிறான். இறைமறுப்பையும் வறுமையையும் ஒருசேரச் சொல்லி இறைவனிடம் பாதுகாப்புக் கோரிய நபி (ஸல்) அவர்களின் துஆவை அறிந்த வாசகருக்கு இது நிறைவளிக்காது. ஈமான் உள்ளவன் அதே மலிவான அறையில் அதே பசியோடு கிடந்திருந்தால் என்ன செய்திருப்பான்? நாவல் எழுப்பியிருக்க வேண்டிய வினா அதுவே.

நமக்கு ஏன்?

அரபிக் கல்லூரியில் ஓதி, ‘அஃப்ஸலுல் உலமா’ தேறி, பின்னர் மாநகரப் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயிலச் செல்லும் நம் மாணவர் இவ்விரு நூல்களின் நடுவில்தான் நிற்கிறார். தம்மை முன்னிலைப்படுத்திப் பேசும் ஆசிரியரைக் கண்டு அவரும் வியக்கிறார். தம் மத்ரஸாவைக் குறைத்துப் பேசத் தூண்டப்படுகிறார். அறை வாடகைக்குப் பகுதிநேரப் பணி தேடும்போது, பட்டத்தின் விலை என்ன என்ற கேள்வியும் அவரைச் சந்திக்கிறது. முதற்பகுதியை மட்டும் ஓதிக்கொடுத்து அவரை அனுப்பிவிடுவது போதாது. மர்ஸஃபீக்கு உரிய நன்றியை மறவாமல் நல்லினோவிடம் செவிகொடுக்கவும், மஹ்ஜூபின் வீழ்ச்சியை ஏளனமின்றி வாசிக்கவும் அவரைப் பழக்க வேண்டும். இவ்விரு நூல்களையும் இறுதியாண்டு வகுப்புகளில் ஒருங்கே வைத்து ஓத நம் கல்லூரிகள் முன்வருமாயின், மொழிப்பாடத்தோடு வாழ்க்கைப்பாடமும் நடந்தேறும்.