மழை இறங்கிய வழி

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்கக் குடியிருப்புத் தெருக்களில் மாலை நடை போவது எனக்குத் தனி சுகம். வீட்டு வாசல் புல்வெளிகளில் கல்லறைக் கற்கள் முளைத்திருக்கும். கடையில் வாங்கியவை ஒரே சாம்பல் பூச்சில் வரிசையாக நிற்கும்; கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும். எப்போதாவது ஒரு கல் மட்டும் ஆளை நிறுத்தும். எழுத்துக்குள் அழுக்கு, விளிம்பில் தேய்மானம், அடியில் பாசி. யாரோ வீட்டுக் கேரேஜில் அமர்ந்து ஹாலோவீனுக்காகத் தன் கையால் பூசிய கல் அது.

உண்மையில் அது கல்லே இல்லை. சுவருக்குள் குளிர்காப்புக்காக வைக்கும் இளஞ்சிவப்பு நுரைப் பலகை. நம் தெர்மாகோலுக்குப் பங்காளி. 4 அடிக்கு 8 அடிப் பலகை ஒன்றில், 16 அங்குல அகலமும் 2 அடி உயரமுமாக 12 கற்கள் அறுக்கலாம். அலுமினியத் தாளைக் கசக்கி அதன் மேல் அழுத்தினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: ஸ்ப்ரே பெயின்டை நேரே அடித்தால் அதிலுள்ள கரைப்பான் நுரையைத் தின்று குழியாக்கிவிடும். தண்ணீரில் கரையும் சுவர்ப் பெயின்ட்தான் இதற்கு ஏற்றது. கடைகளில் நிறம் தப்பிப்போய்த் திரும்பி வந்த டப்பாக்கள் மலிவாகக் கிடைக்கும். சாம்பலுக்கும் பழுப்புக்கும் அவை தாராளம்.

முதல் பூச்சு அடர்ந்த சாம்பல். அது காய்ந்தபின் வருவதுதான் இந்தக் கலையின் உயிர். கறுப்பில் துளி பழுப்பு சேர்த்து, நிறைய தண்ணீர் விட்டு, ரசம் போல நீர்க்கக் கலக்கி மேல் விளிம்பில் ஊற்ற வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பலரும் பலகையை மேஜையில் படுக்கவைத்துப் பூசுகிறார்கள். அங்கேதான் கல் பொய்யாகிவிடுகிறது. கல்லறைக் கல் நின்றபடி நனைவது. பலகையையும் நிறுத்திவைத்து ஊற்றினால், தண்ணீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்: எழுத்துப் பள்ளத்தில் தங்கும், விளிம்புக்கடியில் ஒதுங்கும், கோடு கோடாக இறங்கும். மேடான இடத்தைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். நூறு வருஷ மழை பத்து நிமிஷத்தில் பெய்து முடிந்துவிடும்.

இதைக் கற்க நல்ல பள்ளிக்கூடம் பழைய மயானம்தான். பாஸ்டன் நகரின் நடுவே 1660இல் தொடங்கிய கிரானரி மயானம் இருக்கிறது. அங்கே கரும்பலகைக் கற்களில் சிறகு முளைத்த மண்டையோடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். சிறகின் மடிப்புகளில் இருட்டு தங்கி, மேடுகள் வெளிர்ந்து தெரியும். ஒரு மணி நேரம் அங்கே நின்று பார்த்தவர் கைக்கு எங்கே பூசக் கூடாது என்பது தெரிந்துவிடும்.

கடைசி வேலை உலர்பிரஷ். பழைய அகலப் பிரஷில் வெளிர் சாம்பலைத் தொட்டு, பெயின்ட் தீர்ந்துவிட்டதோ என்று தோன்றும்வரை செய்தித்தாளில் துடைத்துவிட்டு, பலகைமேல் லேசாக ஓட்ட வேண்டும். மேடுகள் மட்டும் அந்த மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். கண்ணெதிரே சொரசொரப்பு எழுந்து வரும். எனக்கு மிகவும் பிடித்த நொடி அது. பலர் கை கட்டுக்கடங்காமல் போவதும் இங்கேதான். இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் கல், சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். பாசிக்குக் கடற்பஞ்சால் நாலைந்து ஒற்றல், அதுவும் அடியிலும் நிழல் விழும் பக்கத்திலும் மட்டும்.

ரத்தச் சிவப்பைத் தெளிப்பவர்கள் உண்டு; எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இரவில் நீல விளக்கோ பச்சை விளக்கோ போட்டதும் சிவப்பு வெறும் கறுப்பாகத் தெரியும். இருளும் வெளிச்சமும் மாறி மாறி விழுந்த கல்தான் நடைபாதையிலிருந்து பார்க்கும்போதும் நிற்கும். அச்சமும் அங்கிருந்துதான் வருகிறது. இது நெடுங்காலமாக இங்கேயே இருக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது.

ஒருமுறை நவம்பர் முதல் தேதி காலையில் அப்படியொரு கல்லின் முன் நின்றிருந்தேன். வீட்டுக்காரர் வந்து அதை இரண்டு விரலால் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். அதுவரை அதன் கனத்தை நான் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.