முகத்தின் மேல் விழுந்த சூரியன்

தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்துக்குள் சூரியன் வருவதில்லை. ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம். மேடைக்கு மூன்று பக்கமும் சுவர். பின்னால் பிளாஸ்டிக் பூ அலங்காரம். மேலே எல்இடி விளக்குகள். இருந்தும் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கல்யாண வீடியோ ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போடும்போது திரையின் இடது மூலையில் ஒரு சூரியன் உதித்தாலும் உதிக்கும். பொன்னிறக் கதிர் ஒன்று சரிந்து வரும். அதன் பின்னால் சோப்புக் குமிழிகள் போல வட்டங்கள் வரிசையாக ஓடும். மணப்பெண்ணின் முகம் அந்த வெளிச்சத்தில் கரைந்துபோகும்.

இப்படிச் சூரியனை உள்ளே கொண்டுவந்தவர்களில் நானும் ஒருத்தி. திண்டிவனத்தில் ஒரு வீடியோ மிக்சிங் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் ஒரு பெண் பென் டிரைவும் கையுமாகத் தனியாக வந்தாள். கல்யாணமாகி நாலு மாதம் ஆகியிருந்தது.

“அக்கா, தாலி கட்டறப்ப என் மூஞ்சியே தெரியலக்கா. ஒரே வெளிச்சமா இருக்கு.”

“அது எஃபெக்ட்டும்மா. சினிமா மாதிரி இருக்கட்டும்னு போட்டது” என்றேன்.

நான் சொன்னது முழு உண்மை இல்லை. அந்தக் காட்சியில் அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லித் தப்பிக்க முடியாத அழுகை. கடைக்காரர் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை வீட்ல பாத்தா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க, ஒரு ஃப்ளேர் போட்டு மூடிடும்மா” என்றார். மூடினேன். நன்றாகவே மூடினேன். மூடியதே தெரியாத அளவுக்கு இயல்பாக இருந்தது. இந்தக் கட்டுரை அந்த ‘இயல்பு’ பற்றியது.

ஃப்ளேர் என்பது அடிப்படையில் லென்ஸின் குறை. லென்ஸ் என்பது ஒரே கண்ணாடி அல்ல, பல கண்ணாடிகளின் அடுக்கு. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஆறு கண்ணாடிகள் தனித்தனியாக இருந்தால் பன்னிரண்டு பரப்புகள். ஒரு பரப்பில் பட்டுத் திரும்பிய ஒளி இன்னொரு பரப்பில் பட்டு மறுபடி முன்னோக்கி வரும். பன்னிரண்டு பரப்புகளில் இப்படி 66 ஜோடிகள் சாத்தியம். ஒவ்வொரு ஜோடியும் ஒரு பொய் பிம்பத்தை உண்டாக்கலாம். அந்த வட்டங்களுக்குத் தொழிலில் ‘கோஸ்ட்’ என்று பெயர். நம் மொழியில் பேய். 4 சதவீதத்தில் 4 சதவீதம் மிகச் சொற்பம்தான். ஆனால் மூல விளக்கு சூரியனாக இருக்கும்போது சொற்பமும் கண்ணுக்குத் தெரியும்.

இந்தப் பேய்களை விரட்டியவர்களில் ஒரு பெண் உண்டு. 1926இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண்ணான கேத்தரின் பிளாட்ஜெட். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் பேரியம் ஸ்டியரேட்டை ஒரு மூலக்கூறு கனமுள்ள படலங்களாக 44 அடுக்கு கண்ணாடிமேல் படியவைத்து, 1938இல் ஒளியைத் திருப்பி அனுப்பாத கண்ணாடியை உருவாக்கினார். ஜெர்மனியில் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாந்தர் ஸ்மகுலா 1935இலேயே வேறு முறையில் லென்ஸுக்குப் பூச்சு கண்டிருந்தார். பிளாட்ஜெட்டின் படலம் மென்மையானது, துடைத்தால் போய்விடும்; நிலைத்து நின்றவை பிற்காலத்துக் கடினப் பூச்சுகள். எப்படியானாலும், தெளிவாகப் பார்ப்பதற்காக ஒரு பெண் 44 அடுக்கு வைத்து அகற்றிய ஒளியை, தெளிவாகப் பார்க்கவிடாமல் செய்வதற்காக இன்னொரு பெண் ஒரே ஒரு லேயரில் திரும்பக் கொண்டுவந்தேன்.

குறை எப்படி அழகானது? அறுபதுகளின் இறுதியில் அமெரிக்க ஒளிப்பதிவாளர்கள் சூரியன் லென்ஸில் அடிப்பதை வெட்டி எறியாமல் படத்தில் வைத்துக்கொண்டார்கள். லாஸ்லோ கோவாக்ஸ் ஒளிப்பதிவு செய்த ‘ஈஸி ரைடர்’ (1969) அதற்குப் பெயர்போனது. ஃப்ளேர் தெரிந்தால் ‘இது ஸ்டுடியோ அல்ல, கேமரா நிஜமாகவே வெயிலில் நின்றது’ என்று பொருள். அதாவது, ஃப்ளேர் ஒரு சாட்சியம். தமிழில் பி.சி. ஸ்ரீராம் ‘அக்னி நட்சத்திரம்’ (1988) படத்தில் கேமராவை நோக்கி ஒளியைப் பாயவிட்டார். சந்தோஷ் சிவன் ‘தளபதி’யில் (1991) சூரியனையே நாயகனுக்குப் பின்னால் நிறுத்தினார். ஜே.ஜே. ஆப்ரம்ஸின் ‘ஸ்டார் ட்ரெக்’ (2009) எடுக்கும்போது படப்பிடிப்புத் தளத்திலேயே லென்ஸுக்குள் டார்ச் அடித்தார்கள். இவை எல்லாவற்றிலும் ஒளி இருந்தது, கண்ணாடி இருந்தது, அங்கே ஒரு ஆளும் நின்றிருந்தார்.

கணினியில் அந்த மூன்றும் வேண்டியதில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் லென்ஸ் ஃப்ளேர் என்றே ஒரு எஃபெக்ட் இருக்கிறது. 50–300 மி.மீ. ஜூம், 35 மி.மீ. பிரைம், 105 மி.மீ. பிரைம் என்று மூன்று லென்ஸ் சொல்லும். ஒன்றைத் தேர்ந்து இடத்தைக் காட்டினால் முடிந்தது. அவசர வேலைக்குக் கறுப்புப் பின்னணியில் எடுத்த ஃப்ளேர் கிளிப்பை எடியஸில் மேல் டிராக்கில் போட்டு ‘ஸ்கிரீன்’ முறையில் கலந்துவிடுவோம். கறுப்பு மறைந்துவிடும், வெளிச்சம் மட்டும் தங்கும். ஸ்கிரீன் என்றால் திரை. நம் மொழியில் திரை என்பது படம் காட்டுவதும்தான், ஆளை மறைப்பதும்தான்.

ஆனால் அப்படி ஒட்டிய ஃப்ளேர் ஒட்டியதாகவே தெரியும். நிஜம்போல வரவேண்டுமானால் சில விதிகளை மதிக்க வேண்டும். ஒன்று, காட்சியில் ஒளியின் மூலம் இருக்க வேண்டும், அல்லது சட்டகத்துக்குச் சற்று வெளியே இருப்பதாக நம்பவைக்க வேண்டும். இரண்டு, பேய் வட்டங்கள் ஒளியையும் சட்டகத்தின் மையத்தையும் இணைக்கும் கோட்டில்தான் வரும். கேமரா திரும்பினால் ஒளியின் எதிர்த்திசையில் நகரும். மூன்று, கதிர்களின் எண்ணிக்கை லென்ஸின் ஐரிஸ் தகடுகளைப் பொறுத்தது: ஆறு தகடுகளுக்கு ஆறு கதிர், ஏழு தகடுகளுக்குப் பதினான்கு. நான்கு, ஒளிக்கு முன்னால் யாராவது கடந்தால் ஃப்ளேர் அணைந்து மீள வேண்டும். ஐந்து, கறுப்புகள் வெளிற வேண்டும். நிஜ ஃப்ளேரில் படம் முழுக்க ஒரு மெல்லிய வெண்படலம் பரவும். இதற்கு ஆங்கிலத்தில் ‘வெய்லிங் கிளேர்’ என்று பெயர். முக்காடு போடும் ஒளி என்று சொல்லலாம்.

இந்த விதிகளை வைத்துக் கல்யாண வீடியோவை விமர்சித்தால் என்ன கிடைக்கும்? முதல் விதியிலேயே தோற்றுவிடும்: ஜன்னல் இல்லாத மண்டபத்தில் சூரியன். பேய்கள் கோட்டில் வராது, கதிர்களை எண்ணுவார் இல்லை, புரோகிதர் குறுக்கே போனால் அவர் தலைமேலேயே சூரியன் ஒளிரும். நாங்கள் சிரத்தையாகச் செய்தது ஐந்தாவதை மட்டும்தான். காரணம், வெண்படலம் பெண்ணை வெளுப்பாக்கும். எங்கள் பக்கத்துப் பெண்களின் மாநிறத்தையும் கறுப்பையும் பவுடர் மறைக்காத இடத்தில் ஃப்ளேர் மறைத்தது. “பொண்ணு கொஞ்சம் டல்லா இருக்கு, லைட் ஏத்து” என்பது கடைக்காரர் வாயில் தினமும் வரும் வாக்கியம். மாப்பிள்ளைக்கு லைட் ஏற்றச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நகைகளின் கதை இன்னும் தெளிவானது. விஎச்எஸ் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் ஸ்டார் ஃபில்டர் மாட்டுவார்கள். கோடு கீறிய கண்ணாடி. அது குத்துவிளக்கிலும் நட்சத்திரம் காட்டும், பந்தியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரிலும் காட்டும், சமையல்கார அம்மாவின் கண்ணாடி வளையலிலும் காட்டும். கண்ணாடிக்குப் பாரபட்சம் கிடையாது. மிக்சிங்கில் நட்சத்திரத்தை நாங்கள் கையால் வைத்தோம்: ஆரத்தில் ஒன்று, ஒட்டியாணத்தில் ஒன்று, சீர்வரிசைத் தட்டில் வரிசையாக. அந்த வீடியோவைப் பிறகு உட்கார்ந்து பார்ப்பவர்கள் எத்தனை சவரன் என்று எண்ணிப் பார்க்க வசதியாக இருக்கும். வரதட்சணைக் கணக்குக்கு அடிக்கோடு போடும் வேலையைத்தான் அழகு என்ற பெயரில் செய்தேன்.

நிஜ ஃப்ளேர் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. அது கண்ணாடியின் விபத்து. பொய் ஃப்ளேரின் ஒவ்வொரு புள்ளியையும் யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆகவே ‘நிஜம்போல இருக்கிறதா’ என்ற கேள்வியோடு விமர்சனம் நின்றுவிடக் கூடாது. நிஜம்போல வந்துவிட்டால் அந்தத் தேர்வு விபத்தின் வேஷம் போட்டுக்கொள்ளும். கறுப்பை வெளுத்தது வெயில், அழுகையை மறைத்தது சூரியன் என்றாகிவிடும். கேட்டவரும் செய்தவளும் காணாமல்போவோம்.

செய்தவள் என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. நான் இருந்த கடையில் கேமரா பிடித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பின்னறையில் மிக்சிங்கிலும் ஆல்பம் டிசைனிங்கிலும் உட்கார்ந்திருந்தது நாங்கள் மூன்று பெண்கள், மாதச் சம்பளத்துக்கு. வீடியோ முடியும்போது ஓடும் பெயர் கேமராமேனுடையது. பி.ஆர். விஜயலட்சுமி ‘சின்ன வீடு’ (1985) படத்துக்கு ஒளிப்பதிவு செய்து முப்பது வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது. ரேவதி இயக்கிய ‘மித்ர், மை ஃபிரண்ட்’ (2002) படத்தில் ஃபௌசியா ஃபாத்திமா கேமராவுக்குப் பின்னால் நின்றார். எங்கள் ஊர் மண்டபங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்துசேரவில்லை. வெயிலில் நின்றதாகக் கேமராமேனுக்குச் சாட்சி சொல்லும் ஒளியை, வெயிலே படாத அறையில் உட்கார்ந்து நாங்கள் தயாரித்தோம்.

இதில் எனக்கே ஒரு தடுமாற்றம் உண்டு. கேட்டு வாங்கும் பெண்களும் இருக்கிறார்கள். “அக்கா, அந்த சூரியன் எஃபெக்ட் எனக்கும் போடுங்க” என்று செல்போனில் காட்டுவார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு நாள் கதாநாயகியாக இருக்க ஆசைப்படுவதை நான் கேலி செய்ய மாட்டேன். செஞ்சிக் கோட்டைப் பாறைகளுக்கிடையே அவுட்டோர் எடுத்துவிட்டு வந்து அதை மூன்று தடவை போடச் சொல்லி ரசித்தவளின் சந்தோஷம் பொய்யில்லை. அவள் தேர்ந்தெடுத்தாள், அந்த ஃப்ளேர் அவளுடையது. தாலிக் காட்சியின் ஃப்ளேர் அப்படியல்ல, பெண்ணைக் கேட்காமல் போட்டது. வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை, சம்மதத்தில் இருக்கிறது.

ஒருமுறை மரக்காணம் உப்பளத்தில் எடுத்த அவுட்டோர் வந்தது. வரப்பில் ஜோடி கைகோத்து நடக்கிறது. பாத்தித் தண்ணீரில் சூரியன் பட்டு லென்ஸுக்குள் நிஜமாகவே பாய்கிறது. பின்னால் நான்கு பெண்கள் கால் உப்பில் ஊற, தலையில் துணி கட்டி உப்பு வாரிக்கொண்டிருக்கிறார்கள். லென்ஸ் கூசிய அதே வெயிலில் அவர்களுக்கும் கண் கூசுகிறது. ஒருத்தி புறங்கையால் கண்ணை மறைத்துக்கொள்கிறாள். வெள்ளை உப்பின் மேல் நாளெல்லாம் குனிந்து நிற்கும் கண்களுக்கு அந்த ஒளி எஃபெக்ட் அல்ல. “பின்னாடி ஆளுங்க வராங்க, ஃப்ளேரைப் பெருசு பண்ணி மறைச்சிடு” என்று உத்தரவு. இருக்கிற நிஜ ஃப்ளேரின் மேல் ஒரு பொய் ஃப்ளேரை வைத்து, வேலை செய்யும் நான்கு பெண்களை அழித்தேன். விதிகள் ஐந்தையும் மதித்துச் செய்த, என் கைக்கு மிக நேர்த்தியான வேலை அதுதான்.

நான் பார்த்த நல்ல ஃப்ளேர் மயிலம் மலையில் கிடைத்தது. முருகன் கோயிலில் காலைக் கல்யாணம். பெண் படியிறங்கி வருகிறாள். சூரியன் நேராக லென்ஸில். அவளுடைய ஆயா, பேத்தியின் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்யக் குறுக்கே போகிறாள். அந்தக் கிழவியின் தலை சூரியனை மறைத்த கணத்தில் வட்டங்கள் எல்லாம் அணைந்து பெண்ணின் முகம் துலங்குகிறது. ஆயா நகர்ந்ததும் மறுபடி வெளிச்சம். ஒரு மனுஷி கடந்துபோனால் வழிவிடும் ஒளி அது. அதில் நான் கை வைக்கவில்லை.

பென் டிரைவோடு வந்த பெண்ணிடம் கடைசியில் உண்மையைச் சொன்னேன். “நீ அழுதம்மா. அதனாலதான் மூடினோம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அழுதேனாக்கா? எனக்கு ஞாபகமே இல்ல. நான் பாக்கணும்.”

அந்தப் ப்ராஜெக்ட்டைத் திறந்தேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு கண் வரைந்திருக்கும். அதை அழுத்தினால் அந்த லேயர் தெரியாது. ஃப்ளேரின் கண்ணை அணைத்தேன். எல்இடி விளக்கின் தட்டை வெளிச்சத்தில், மாநிறமாக, மூக்கு சிவந்து, தாலியைப் பார்க்காமல் சட்டகத்துக்கு வெளியே யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மாவப் பாக்கறேன்” என்றாள். அந்த ஏழு வினாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னாள். பிறகு அதை அப்படியே ஏற்றித் தரச் சொல்லி, பென் டிரைவை வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போனாள்.