பெயர் சுட்டா மரபும் ஒரு சப்பானிய ஓவியக்கதையும்

அகத்திணைப் பாடல்களில் தலைமக்கள் பெயர் சுட்டப்பெறுதல் கூடாது என்பது தொல்காப்பியனார் வகுத்த மரபு. காதல் ஒருவர்க்கே உரிய செய்தியாய்ச் சுருங்காது, எல்லார்க்கும் பொதுவாய் நிற்றற்கு இம்மரபு துணைசெய்கின்றது. இது தமிழுக்கே உரிய சிறப்பு என்று கூறி அமைவாரும் உளர். ஆயினும், சப்பான் நாட்டுச் சிறுமியர்க்கென எழுந்த ஓவியக்கதை ஒன்றன் பின்வரலாறு இம்மரபை மீண்டும் ஆராயத் தூண்டுகின்றது.

'கேண்டி கேண்டி' என்னும் அக்கதையை எழுதியவர் மிசுகி கியோக்கோ. ஓவியந் தீட்டியவர் இகராசி யுமிக்கோ. இருவரும் பெண்பாலர். 1975 முதல் 1979 வரை 'நக்கயோசி' என்னும் திங்களிதழில் வெளிவந்து ஒன்பது தொகுதிகளாயிற்று. இதன் அசைபட வடிவம் 1978இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் இடம்பெற்றது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுக் கடல் கடந்து வாழும் புதுச்சேரி மகளிர் சிலர், விடுமுறைக்கு நெல்லித்தோப்புக்கு வருங்கால், இதனைப் பாட்டி சொன்ன கதைபோல் நினைவுகூரக் கேட்டுள்ளோம்.

அமெரிக்க நாட்டில் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவள் கேண்டி. ரோசாச் செடி பேணும் அந்தோணியை முதலில் விரும்புகின்றாள். அவன் வேட்டையில் குதிரையினின்று வீழ்ந்து மாய்கின்றான். பின்னர் இலண்டன் பள்ளியில் தெரியைக் காண்கின்றாள். அவன் நடிகனாகின்றான். மேடை விளக்குகள் சரிந்து அவன்மேல் விழவிருந்தபோது, சுசானா என்னும் நடிகை அவனைக் காத்துத் தன் காலை இழக்கின்றாள். செவிலியான கேண்டி நியூயார்க்கு சென்று இதனை அறிந்ததும், தானே விடைகொண்டு பனிக்கிடையே நீங்குகின்றாள்.

ஈண்டு நம் மரபொடு மாறுபடும் இடம் உண்டு. பாலைக்குரிய பிரிவில் நீங்குபவன் தலைவன்; ஆற்றியிருப்பவள் தலைவி. உடன்போக்கில் அவள் செல்வதும் அவனொடு செல்வதே. அவனை விட்டுத் தான் செல்லும் தலைவியை அகப்பாடல்களில் யாம் கண்டிலேம். மகளிரொடு கடற்செலவு இல்லை என்பதும் தொல்காப்பிய விதி; கேண்டியோ தனியளாய்க் கப்பலில் மறைந்து கடல் கடக்கின்றாள். மணவினையை முடிவாகக் கொள்ளாமல், தொழில் கற்றுத் தன் காலில் நிற்கும் பெண்ணைச் சிறுமியர்க்குக் காட்டியமையே இக்கதையின் பெருமை எனக் கருதுகின்றோம்.

குறைகளும் உள. கேண்டியைத் துன்புறுத்தும் எலிசா, நீல் இருவர்க்கும் கொடுமையன்றி வேறு குணமில்லை. சிறுமைக்காலத்துக் குன்றின்மேற் கண்ட இளைஞன், நாடோடியாகிய ஆல்பர்ட்டு, முகங்காட்டாத வளர்ப்புத் தந்தை ஆகிய மூவரும் ஒருவரே என்று முடித்தல், ஆசிரியர்க்கு எளிதாயினும் எமக்கு நிறைவு தரவில்லை.

பிற்காலத்தே எழுதியவர்க்கும் வரைந்தவர்க்கும் வழக்கு எழுந்தது. ஓவியக்கதை மூல எழுத்தினின்று பிறந்த வழிநூலே. எழுதியவர் இசைவின்றி அவ்வோவியங்களைப் பயன்படுத்தலாகாது என்று சப்பானிய உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. ('பொன்னியின் செல்வன்' தொடராக வந்த காலத்தில் படித்தார்க்கு வந்தியத்தேவன் என்றதும் மணியம் தீட்டிய முகமே முன்னிற்கும். அம்முகம் யாருடையது என்று நம்மிடையே ஒருவர் வழக்காடியிருப்பின் என்னாகியிருக்கும்!)

2010இல் மிசுகி, நகித்தா கெய்க்கோ என்னும் தம் இயற்பெயரில், இக்கதையைப் படமின்றி உரைநடைப் புதினமாக வெளியிட்டார். அதில் முப்பது வயது கடந்த கேண்டி இங்கிலாந்தில் தன் அன்பனோடு வாழ்கின்றாள். அவன் தெரியோ ஆல்பர்ட்டோ என்று ஆசிரியர் கூறவில்லை. 'அவர்' என்ற அளவில் நிறுத்துகின்றார். படித்தோர் இரு கட்சியாய்ப் பிரிந்து குறிப்புகளைத் துருவி வாதிடுகின்றனர். சங்கத் தலைவன் யாவன் என்று எவரும் வினவுவதில்லை. அவனுக்கு முன்பு ஒரு பெயர் இருந்ததில்லை. இவனுக்கோ பெயர் இருந்து மறைக்கப்பட்டது. ஆதலின் மரபு ஒன்றுபோல் தோன்றினும் பயன் வேறாகின்றது.

எனினும் ஒன்று கருதத்தக்கது. ஓவியத்தில் இவ்வாறு மறைத்தல் அரிது. கண்ணும் கூந்தலும் தீட்டிய அளவிலேயே ஆள் இன்னான் எனச் சுட்டப்பட்டுவிடுகின்றான். 'அவர்' என்னும் சொல்லுக்கு முகம் இல்லை. ஒன்பது தொகுதிகளில் முகங்களால் வளர்ந்த காதல், முகங்கள் நீங்கிய பின்னரே பெயர் சுட்டாமல் நிற்கக் கற்றது.