பாலியல் ஒடுக்கமும் பாசிசமும்: வில்ஹெல்ம் றைக்கின் நூல் குறித்துச் சில கருத்துக்கள்

பொருளாதார நெருக்கடி உழைக்கும் மக்களை இடதுசாரிகளின் பக்கம் திருப்பும் என்ற எதிர்பார்ப்பு ஜேர்மனியிற் பொய்த்துப்போயிற்று. 1932 ஜூலைத் தேர்தலில் நாஸிக் கட்சி 37 சதவீத வாக்குகளைப் பெற்றது. நலிந்தவர்கள் தம்மை நசுக்கப்போகும் தலைமையைத் தாமே விரும்பித் தேர்ந்தது ஏன்? 1933 இல் வெளிவந்த 'பாசிசத்தின் வெகுசன உளவியல்' என்ற நூலில் உளப்பகுப்பாய்வாளரான வில்ஹெல்ம் றைக் எழுப்பிய வினா இதுவே. ஏமாற்று, பிரசாரம் என்ற விடைகளோடு அமைதி கண்ட அன்றைய மார்க்சியரிலும் பார்க்க அவர் ஆழமாகச் சிந்தித்தார் என்பதை ஏற்க வேண்டும்.

அவரது விடை குடும்பத்திலிருந்து தொடங்குகிறது. சிறுகடைக்காரர், சிறுவிவசாயி ஆகியோரின் குடும்பம் வாழ்விடம் மட்டுமன்று, உற்பத்தி அலகுமாகும். மனைவியும் பிள்ளைகளும் அங்கு கூலியற்ற உழைப்பாளர், தந்தை முதலாளி. இவ்வமைப்பு நிலைபெறுவதற்குப் பெண்ணினதும் இளைஞரதும் பாலுணர்வு அச்சத்தாலும் குற்றவுணர்வாலும் கட்டுப்படுத்தப்படல் வேண்டும். அவ்வாறு வளர்ந்தவருக்குப் பணிவு பழக்கமாகின்றது. தலைவன் தந்தையாகத் தோன்றுகிறான். கருத்துநிலை பொருளியல் வாழ்விலிருந்து எவ்வாறு உடலுக்குள் இறங்குகிறது என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய எழுத்துக்கள் அக்காலத்தில் மிகச் சிலவே. (சுவஸ்திகாவைப் பிணைந்த இரு உடல்களாகக் காணும் பகுதியை வாசகர் தாண்டிச் செல்லலாம், இழப்பொன்றுமில்லை.)

ஆயினும் பாலுணர்வை அணையிட்ட நீராகவே றைக் கருதினார். நாஸி அரசின் நடைமுறை அவ்வளவு எளிதானதன்று. 1933 மே மாதத்திற் பேர்லினிலிருந்த மக்னஸ் ஹிர்ஷ்பெல்டின் பாலியல் ஆய்வு நிறுவனம் சூறையாடப்பட்டு அதன் நூல்கள் எரிக்கப்பட்டன. 1935 இல் ஆண்களின் ஒருபாலுறவுக்கெதிரான சட்டம் கடுமையாக்கப்பட்டது. அதே அரசில், 1939 ஒக்டோபரில், மணவுறவுக்கு வெளியேயும் பிள்ளை பெறுமாறு எஸ்.எஸ். படையினரை ஹிம்லர் ஊக்குவித்தார். ஜேர்மனியப் பெண்ணுக்குக் கருக்கலைப்பு குற்றம். கட்டாய வேலைக்குக் கொணரப்பட்ட போலந்துப் பெண்ணிடமோ அது வற்புறுத்தப்பட்டது. பரம்பரை நோயுடையோர் எனக் குறிக்கப்பட்ட ஏறத்தாழ 4,00,000 பேர் மலடாக்கப்பட்டனர். இங்கு நிகழ்ந்தது பொதுவான அடக்குமுறையன்று, பங்கீடு: யார் பெறலாம், யார் பெறக்கூடாது என்பதை இனமும் அரசின் தேவையும் தீர்மானித்தன. 1976 இல் ஃபூக்கோ, அதிகாரம் பாலியலை வெறுமனே அடக்குவதில்லை, அதனைப் பேசவைத்து வகைப்படுத்துகிறது என வாதித்தார். அது பயனுள்ள திருத்தமே; ஆனால் யாருடைய நலனுக்காக என்ற கேள்வி அவரிடத்து மங்கிவிடுகிறது.

முற்போக்காளர் பேசத் தயங்கும் பகுதி இனித்தான் வருகிறது. நூல் வெளியான பின்னர் கம்யூனிஸ்ட் கட்சி றைக்கை விலக்கியது. 1934 இல் சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்திலும் அவருக்கு இடமில்லாது போயிற்று. 1920 இல் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய சோவியத் அரசு 1936 இல் அதைத் தடைசெய்தது. ஆண்களின் ஒருபாலுறவு 1934 இற் குற்றமாக்கப்பட்டது. 'தாய்' நாவலினால் நம்மில் எத்தனையோ பேரை இயக்கத்திற்கு அழைத்துவந்த மாக்சிம் கோர்க்கியே அவ்வாண்டில் அவ்வுறவைப் பாசிசத்துடன் பிணைத்து எழுதினார். ஹிட்லரின் அரசு அதே மனிதரைச் சிறையிலடைத்துக்கொண்டிருந்த காலம் அது! இதனைக் கோர்க்கியின் முதுமைத் தளர்ச்சி எனச் சமாதானம் கூறுவது நேர்மையாகாது.

இப்பின்வாங்கலை றைக் 1936 இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். மக்களின் அடிமைப்பட்ட மனக்கட்டமைப்பே காரணம் என்ற விடையையே அங்கும் அழுத்தினார். பிறப்பு வீதம் வீழ்ந்திருந்தமை, கைத்தொழிலுக்கும் படைக்கும் ஆட்கள் தேவைப்பட்டமை, கருத்தடைச் சாதனங்களும் குழந்தைக் காப்பகங்களும் போதாதிருந்தமை ஆகியவற்றுக்கு உரிய இடத்தை அவர் வழங்கவில்லை. மார்க்சியத்திலிருந்து அவர் விலகத் தொடங்குவது இவ்விடத்திலேயாம். கட்சியோ இக்காரணங்களை அறிந்தும் தடையைத் தாய்மையின் மேன்மை எனப் போற்றியது. அத்தடை 1955 இல் நீக்கப்பட்டது. ஒருபாலுறவுக்கெதிரான சட்டம் சோவியத் ஒன்றியம் கலையும்வரை நீடித்தது.