ஒரு பழைய கோட்டும் ஒரு மில்லியனும்

பேசும் படம் அறிமுகமானபோது அதைச் சந்தேகத்தோடு பார்த்தவர்களுள் பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளயாரும் ஒருவர். மௌனப்படம் கண்டடைந்த காட்சிமொழியை வசனம் விழுங்கிவிடும், திரை மறுபடியும் மேடைக்கே அடிமையாகிவிடும் என்பதே அவரது அச்சம். அத்தகைய ஒருவர் 1931இல் ஒரு மேடைக் கேலி நாடகத்தைப் படமாக்கத் துணிந்தமை விசித்திரமானதுதான். ஜோர்ஜ் பெர், மார்செல் கியமோ ஆகிய இருவரின் நாடகமே 'லெ மில்லியோன்' என்ற இசைச் சித்திரமாயிற்று.

கடனில் மூழ்கிய ஓவியன் மிஷேலுக்கு ஒல்லாந்து லொத்தரில் பெருந்தொகை விழுகிறது. சீட்டு பழைய கோட்டுப் பையில். கோட்டையோ காதலி பியாத்ரிஸ், பொலிஸாரிடமிருந்து தப்பியோடும் கிழவன் ஒருவனுக்கு இரங்கிக் கொடுத்துவிடுகிறாள். அது கைமாறி ஒபெராப் பாடகர் ஒருவரிடம் போய்ச் சேருகிறது. பிறகென்ன, ஓட்டம்தான்.

1929இல் லண்டனில் 'த புரோட்வே மெலடி' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்த கிளயார், அதில் ஓரிடத்தை வியந்து எழுதினார். திரையில் ஒரு பெண்ணின் கலங்கிய முகம் மட்டும். கதவு சாத்தப்படுவதும் கார் புறப்படுவதும் காதுக்கு மட்டும். கண்ணால் காண்பதையே காதுக்கும் சொல்வது வீண் என்பதை அவர் எவ்வளவு ஆழமாக உள்வாங்கினார் என்பதற்கு 'லெ மில்லியோன்' சாட்சி. ஒபெரா அரங்கின் பின்புறத்தில் கோட்டுக்காக நடக்கும் இழுபறியின்போது நமக்குக் கேட்பது றக்பி மைதானத்தின் ஆரவாரமும் நடுவரின் விசிலும்!

இன்னுமொரு காட்சி. பிணங்கியிருக்கும் மிஷேலும் பியாத்ரிஸும் திரை உயரும்போது மேடையில் சிக்கி, செட்டின் மறைவில் ஒளிந்துகொள்கிறார்கள். முன்னால் பருத்த பாடகியும் பாடகரும் காதற் பாட்டு இசைக்கிறார்கள். இருவரும் சற்றுமுன்வரை ஒருவரையொருவர் திட்டித் தீர்த்தவர்கள். பொய்க் காதலர் பாடும் சொற்கள் மெய்க் காதலரை ஒன்றுசேர்க்கின்றன. மேலிருந்து தொழிலாளி தூவும் கடதாசிப் பூக்கள் இவர்கள்மீதும் விழுகின்றன. மிஷேல் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இரவல் பாட்டே அவனுக்காக மன்னிப்புக் கேட்கிறது. மேடையின் போலித்தனத்தை நையாண்டி செய்துகொண்டே அதன் வசியத்தையும் ஒப்புக்கொள்ளும் இக்காட்சிக்கு நிகராக அக்கால இசைப்படங்களில் வேறொன்றைச் சொல்வது கடினம்.

லசார் மீர்சனின் அரங்க அமைப்பையும் குறிப்பிட வேண்டும். நடிகர்களுக்கும் பின்னணிக்கும் இடையே மெல்லிய வலைத்துணி தொங்கவிடப்பட்டதால் பாரிஸ் பாதிக் கனவாகத் தெரிகிறது.

ஆயினும் ஓர் உறுத்தல் எஞ்சுகிறது. மிஷேலைத் துரத்திய கடன்காரர்கள், பணம் வந்ததும் அவனோடு கைகோத்து ஆடிப் பாடுகிறார்கள். கிளயார் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்; ஆனால் கோபப்படவில்லை. அந்தக் கோபம், அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த அவரது 'ஆ நூ லா லிபெர்தே'யில், தொழிற்சாலையையும் சிறைச்சாலையையும் அருகருகே வைத்துக் காட்டும்போதுதான் தலைகாட்டுகிறது.