மாசி மாதத்து எம்.எல்.ஏ.

2020 டிசம்பர் 19 அன்று எடப்பாடி தொகுதியின் பெரியசோரகை சென்றாயப் பெருமாள் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் தேர்தல் பிரசாரத்தைத் தொடங்கினார் எடப்பாடி பழனிசாமி. அன்றே இருப்பாளியில் அம்மா மினி கிளினிக் ஒன்றைத் திறந்து வைத்தார். பொங்கலுக்கு அரிசி அட்டைதாரர்கள் ஒவ்வொருவருக்கும் 2,500 ரூபாய் என்ற அறிவிப்பும் அங்கேதான் வந்தது. ஓட்டுக் கேட்டவர் அதிமுகவின் இணை ஒருங்கிணைப்பாளர். கிளினிக் திறந்தவர் தொகுதி எம்.எல்.ஏ. பணம் அறிவித்தவர் முதலமைச்சர். மூன்று வேலையும் ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே வண்டியில் வந்து செய்தார்.

எதிர்க்கட்சி சும்மா இருக்கவில்லை. அரசுப் பணத்தைப் பிரசாரக் கூட்டத்தில் அறிவிக்கலாமா என்று திமுக கேட்டது. ஆளுங்கட்சித் தலைவர்களின் படம் போட்ட பொங்கல் பண டோக்கன்கள் வீடுகளுக்குப் போனபோது உயர் நீதிமன்றம் வரை சென்றது. அப்படிப்பட்ட டோக்கன் செல்லாது என்று அரசே சுற்றறிக்கை விட வேண்டி வந்தது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் ‘எல்லாம் தேர்தல் நாடகம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், சேலம், நாமக்கல் சமவெளிக் கிராமங்களில் தேர்தலுக்கு முந்தைய இந்தப் பருவம் எதற்குப் பயன்படுகிறது என்பது கண்ணில் படாமலே போய்விடும்.

எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் அதிலிருந்து புதிய வேலை எதையும் தொடங்க முடியாது. நடந்துகொண்டிருப்பது மட்டும் நடக்கலாம். ஆகவே நான்கு வருடம் கோப்பில் கிடந்த நிழற்குடை, சமுதாயக்கூடம், ஆழ்துளைக் கிணறு எல்லாவற்றுக்கும் கடைசி வருடத்து மார்கழி முதல் மாசி வரை திடீரென்று உயிர் வந்துவிடுகிறது. சொந்த வீட்டுக்கு மார்கழியில் கால்கோள் போடத் தயங்குகிற ஊர் இது. சாலைக்குப் பூமி பூஜை மட்டும் அதே மார்கழியில் தடையில்லாமல் நடக்கும். மனு கொடுத்தவனுக்கு இது லாபம். அதிகாரி தொலைபேசியை எடுப்பார், ஒப்பந்தக்காரர் வருவார், எம்.எல்.ஏ. தெருமுனையில் கிடைப்பார். அந்த அவசரத்தை இழிவாகப் பேசுவது, தண்ணீர்க் குழாய் ஏற்கெனவே வந்துவிட்ட தெருக்காரர்களுக்குத்தான் எளிது.

ஆக, எப்போது திறந்தார்கள் என்று கேட்பதைவிட, திறந்த பின் அதன் செலவை யார் கணக்கில் எழுதினார்கள் என்று கேட்பது பயன் தரும். அந்தப் பருவத்தில் இந்த இரண்டு மாவட்டங்களும் கண்ட மூன்று திட்டங்கள் மூன்று வழியில் போயின.

மினி கிளினிக் முதல் வழி. மாநிலம் முழுக்க 2,000 என்று அறிவித்தார்கள். ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஓர் உதவியாளர்: இவ்வளவுதான் ஏற்பாடு. காய்ச்சலுக்கு நகரம் வரை போகாமல் ஊரிலேயே மாத்திரை கிடைப்பது கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் சம்பளம். யோசனையில் குறையில்லை. ஆனால் நிரந்தரப் பணியிடம் இல்லை, பெரும்பாலும் சொந்தக் கட்டிடமும் இல்லை. 2021இல் ஆட்சி திமுகவுக்கு மாறியது. ஓராண்டுக்கான தற்காலிக ஏற்பாடுதான் அது என்று சொல்லி 2022 ஜனவரித் தொடக்கத்தில் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் மூடல் செய்தியை அறிவித்தார். இருப்பாளியில் திறந்ததும் மார்கழி, மூடியதும் மார்கழி. மூடியவர்களின் அரசியலைக் குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் ஒரே அறிவிப்பில் மூடிவிடக்கூடியதாக அதைக் கட்டியவர்கள் யார்?

இரண்டாவது, மேட்டூர் உபரி நீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் 565 கோடி ரூபாய்த் திட்டம். 2020 மார்ச்சில் அடிக்கல், 2021 பிப்ரவரியில் முதல் கட்டத் திறப்பு. காவிரியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு மானாவாரிக்கு வானத்தைப் பார்த்த ஊர்களின் பழைய ஏக்கம் இது. மேட்டூரில் உபரி நீர் பொதுவாக ஆடியிலோ அதற்குப் பிறகோதான் பேச்சுக்கு வரும். மாசியில் வருவது தேர்தல்தான். அடுத்த ஆட்சி வேலையை இழுத்தடிக்கிறது என்று பழனிசாமி திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். ஆனாலும் திப்பம்பட்டி நீரேற்று நிலையத்தையும் மண்ணுக்குள் போன குழாயையும் கிளினிக்கைப் போல ஒரு வாக்கியத்தில் இல்லாமலாக்க முடியாது. இங்கே ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஏற்றுப் பாசனம் என்றால் மோட்டார், மின்சாரம், பராமரிப்பு என்று வருடாவருடம் செலவு உண்டு. கல்வெட்டில் திறந்தவர் பெயர் இருக்கிறது. மோட்டார் பழுதானால் எந்தப் பொறியாளரைக் கூப்பிடுவது என்பது இல்லை.

மூன்றாவது நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி. அதற்கும் 2020 மார்ச்சில் பழனிசாமிதான் அடிக்கல் நாட்டினார். 2021இல் நாமக்கல் தொகுதியைத் திமுக வென்றது. கல்லூரி நிற்கவில்லை, 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் திறந்துவைத்த 11 புதிய கல்லூரிகளில் ஒன்றாக வந்தது. காரணம், மத்திய அரசின் பங்குப் பணம், மருத்துவ ஆணையத்தின் அனுமதி, பணியிடங்கள் என்று பல கைகள் அதைப் பிடித்திருந்தன. ஒரே மனிதரின் பெயரைச் சார்ந்து அது நிற்கவில்லை.

சரி, ஓட்டு கிடைத்ததா? எடப்பாடியில் பழனிசாமி 93,802 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அவருடைய கூட்டணிக்கு வந்தன. ஆனால் அதே 2,500 ரூபாயையும், அதே கிளினிக்கையும், அப்போது அறிவித்த கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியையும் பெற்ற நாமக்கல் மாவட்டத்தில் ஆறில் நான்கு திமுக கூட்டணிக்குப் போயின. கொடுத்தால் ஓட்டு விழும் என்ற கணக்கு பக்கத்து மாவட்டத்துக்குள்ளேயே உதைக்கிறது. சேலத்தில் வேலை செய்தது நம்ம ஊர்க்காரர் முதலமைச்சர் என்ற பெருமையும், சாதிக் கணக்கும், கூட்டணியும் சேர்ந்த ஒன்று என்றே நினைக்கிறேன். பொங்கல் பணத்தை மக்கள் வாங்கிக்கொண்டார்கள், நன்றிக்கடனாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதுவரை சொன்னவை அரசுப் பணத்தில் நடந்தவை. என்னை இதைவிட அதிகம் உறுத்துவது, கட்சி பேதமில்லாமல் எம்.எல்.ஏ.க்கள் சொந்தப் பெயரில் செய்யும் ‘உதவி’. கும்பாபிஷேக நன்கொடை, கிடா வெட்டு விருந்து, காதுகுத்துக்குச் சீர், துக்க வீட்டில் கையில் வைக்கும் கவர், கபடிக் குழுவுக்குச் சீருடை. ஊரோடு ஒட்டி வாழும் மனிதர் இதையெல்லாம் செய்வார்தான். ஆனால் சட்டம் செலவுக் கணக்கை வேட்புமனுத் தாக்கலில் தொடங்கி முடிவு அறிவிப்பில் முடித்துக்கொள்கிறது. 2021இல் வேட்பாளருக்கான உச்சவரம்பு 30.80 லட்சம் ரூபாய். தையில் கொடுத்தது எதுவும் அதற்குள் வராது. தேதி அறிவித்ததும் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் பூட்டு விழும், பறக்கும் படை சாலையில் நிற்கும். 50,000 ரூபாய்க்கு மேல் கையில் வைத்திருந்து ரசீது காட்ட முடியாமல் மாட்டிக்கொள்வது முட்டை லோடு இறக்கிவிட்டு வசூல் பணத்தோடு திரும்பும் நாமக்கல் லாரிக்காரரும் சேலம் கொலுசு வியாபாரியும். கொடுக்க வேண்டியதை முன்பே கொடுத்து முடித்தவர் வெறுங்கையோடு கும்பிட்டுக்கொண்டு வருவார்.

பதவியில் இருப்பவருக்கு மட்டுமாவது கடைசி ஓராண்டின் நன்கொடைகளையும் தேர்தல் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படியானால் தொகுதியில் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாதே என்பார்கள். தாராளமாகப் போகலாம். மொய் நோட்டில் எழுதிய தொகையைத் தேர்தல் அதிகாரியிடமும் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும்.