ஆட்சித்தமிழும் ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவும்: பல்கலைக்கழக அலுவல் நோக்கில் ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: ஆட்சித்தமிழ், ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவு, அலுவல் வரைவு, மலையாளி பழங்குடியினர், பாப்பிரெட்டிப்பட்டி

தமிழ்நாடு அரசு 2020 ஆம் ஆண்டில் பாதுகாப்பான, அறம்சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, தவறான பயன்பாட்டிலிருந்து காப்பு, எண்ணிம இடைவெளி, அறம், நேர்மை ஆகியவற்றை அக்கொள்கை அளவுகோல்களாகக் கொள்கிறது. ஓர் அமைப்பை மக்கள் பயன்பாட்டிற்குக் கொண்டுவருமுன் அதனை மதிப்பிட்டுப் புள்ளியிடும் டீப்-மேக்ஸ் என்னும் முறையையும் அது முன்வைத்தது. நோக்கம் பாராட்டுக்குரியதே. எனினும் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது 2022 நவம்பரில்தான். அரசு முறைப்படி தெரிவுசெய்து நிறுவும் கருவிகளுக்கே அக்கொள்கை பொருந்துகிறது. கொள்முதல் கோப்பு எதுவுமின்றி, எழுத்தரின் கைப்பேசி வழியாகவே அலுவலகத்திற்குள் நுழைந்துவிடும் கருவி அதன் பார்வைக்கு அகப்படவில்லை.

இதற்கு மறுகோடியில் நிற்பது ஒன்றிய நிதியமைச்சகம் 2025 சனவரியில் பிறப்பித்த அறிவுறுத்தல். சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றை அலுவலகக் கணினிகளில் பயன்படுத்தலாகாது என அது கூறியது. ஆவணங்களின் மறைதன்மையைக் காப்பதற்கு அது தேவையான நடவடிக்கையே. ஆனால் கருவி எழுதித்தரும் மொழியைப் பற்றி அது எதுவும் பேசவில்லை. தமிழாய்வுக்குரிய சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் தருமபுரி மாவட்டம் அடங்கும். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர்ப் பகுதிகளை ஒட்டிய சித்தேரி மலையில் வாழ்வோர் மலையாளி பழங்குடியினர். தருமபுரி, சேலம் உள்ளிட்ட சில மாவட்டங்களுக்கு மட்டும் உரியதாக வரையறுத்தே பட்டியல் பழங்குடியினர் பட்டியலில் இப்பெயர் இடம்பெற்றுள்ளது. பொதுவழக்கிலோ 'மலையாளி' என்னும் சொல் கேரளத்தவரைக் குறிக்கும். பெரும்பான்மை வழக்கைக் கொண்டு பொருளைக் கணிக்கும் மொழி மாதிரி, உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றைச் சுருக்கும்போது சாதிப்பெயரைத் தாய்மொழியாகவோ பிற மாநிலத்தவர் என்றோ மாற்றிவிட வாய்ப்புண்டு. வாக்கியம் பிழையற்றதாகவே இருக்கும். படிப்பவருக்கு ஐயம் எழாது. மலையிலிருந்து இறங்கிவந்து கல்லூரியில் சேர்ந்த முதல் தலைமுறை மாணவியின் உதவித்தொகை மட்டும் நின்றுபோகும். சொல் ஒன்று, பொருள் இரண்டு என்பது இலக்கணத்தில் சுவையான செய்தி; கோப்பில் அவ்வாறன்று.

வினைமுற்றுகளிலும் இதே இடர் உண்டு. சுற்றறிக்கையில் 'செலுத்த வேண்டும்' என்பது கடப்பாடு. 'செலுத்தலாம்' என்பது இசைவு. நடையை இனிமையாக்குமாறு கேட்கப்பட்ட கருவி முன்னதைப் பின்னதாக்கினால், தேர்வுக் கட்டணத்தின் இறுதி நாள் வெறும் பரிந்துரையாகிவிடுகிறது. 1956 ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் தமிழில் உருவான அலுவல் நடை வறண்டது என்று குறைகூறப்படுவதுண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் யாருக்கு எது கடமை என்பதை அவ்வறட்சி ஐயமின்றிச் சொல்லிவந்தது.

கருவியைப் பயன்படுத்தியதை வெளிப்படையாகத் தெரிவித்தால் போதும் என்பது இன்று பலரும் கூறும் தீர்வு. அதன் எல்லையை அமெரிக்க நிகழ்வு ஒன்று காட்டிவிட்டது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத் துப்பாக்கிச் சூட்டை அடுத்து, 2023 பிப்ரவரியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி அலுவலகம் ஒன்று மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. சாட்ஜிபிடியின் துணையால் எழுதியது என அதன் அடியிலேயே குறிக்கப்பட்டிருந்தது. மாணவர்கள் சினந்தனர், அலுவலகம் மன்னிப்புக் கேட்டது. அங்கு மறைப்பு ஏதுமில்லை. எந்த எழுத்தை மனிதரே எழுத வேண்டும் என்னும் தெரிவில்தான் பிழை நேர்ந்தது.

ஆகவே ஆவணத்தின் தன்மைக்கேற்ப வரம்பு வகுப்பதே ஏற்புடையது. கூட்ட அழைப்பு, நிகழ்ச்சி நிரல், நூலக அறிவிப்பு ஆகியவற்றுக்குக் கருவியின் முதல் வரைவு கேடு செய்யாது. எழுத்தரின் பணிச்சுமையும் குறையும். சாதிச் சான்றின் விவரம், வருகைக் குறைவு, ஒழுங்கு நடவடிக்கை, இரங்கல் ஆகியவை வேறு. மாணவர் விவரங்களைப் பொதுக் கருவியில் உள்ளிடுவதும் அவ்வாறே விலக்கத்தக்கது.

இதற்குப் புதிய அமைப்பு தேவையில்லை. எழுத்தர் வரைவெழுத, கண்காணிப்பாளர் சுருக்கொப்பமிட, அலுவலர் ஒப்புதலளிக்கும் நடைமுறை அரசு அலுவலகங்களில் முன்பே உள்ளது. வரைவில் கருவி பயன்பட்டதா, மூல விண்ணப்பத்தோடு அதனை ஒப்பிட்டவர் யார் என்னும் இரு வரிகள் குறிப்புக் கோப்பில் சேர்ந்தால், சித்தேரி மாணவியின் விண்ணப்பம் எந்த மேசையில் பொருள் மாறியது என்பதைப் பின்னர்த் தேடிக் கண்டறிய இயலும்.